உடைந்தது எந்தக் குழாய்? ஜப்பானின் பக்கவாதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

1951 முதல் 1980 வரை, முழுதாக முப்பது ஆண்டுகள், ஜப்பானியர்களின் உயிரை அதிகம் பறித்த நோய் பக்கவாதம். அதற்கு முன் அந்த இடத்தில் காசநோய் இருந்தது. 1981இல் புற்றுநோய் அங்கே வந்து அமர்ந்தது. வயது வேறுபாட்டைச் சரிசெய்து கணக்கிட்டால், 1965இல் ஒரு லட்சம் ஆண்களுக்குச் சுமார் 360 பேர் பக்கவாதத்தால் இறந்தார்கள். 2015இல் அதே கணக்கு 40க்கும் கீழே இறங்கியிருந்தது. பணக்கார நாடுகளிலேயே பக்கவாதத்தின் கொடுமையை அதிகம் அனுபவித்த ஒரு நாடு, அரை நூற்றாண்டுக்குள் அந்த மரண வீதத்தை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக்கியது எப்படி என்பதே இந்த ஆய்வின் பொருள்.

இந்தச் சரிவுக்கு மருந்துகளை மட்டும் காரணமாகக் காட்டுவது எளிது. ஆனால் நிகழ்ச்சிகளை வரிசையாகப் பார்த்தால், முதலில் நடந்தது வேறொன்று. தங்கள் மக்களின் மூளையில் எந்த இரத்தக்குழாய் பழுதாகிறது, அது உடைகிறதா அடைபடுகிறதா என்பதை ஜப்பானிய மருத்துவர்கள் தாங்களே திறந்து பார்த்தார்கள். உப்பு, இரத்த அழுத்தம், மருந்தின் அளவு என்று பின்னால் எடுத்த முடிவுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு விடையிலிருந்தே கிளைத்தன.

ஹிசயாமா: சான்றிதழை நம்பாத ஊர்

1950களின் ஜப்பானிய மரணச் சான்றிதழ்களை நம்பினால், மூளைக்குள் இரத்தம் கசிந்து இறந்தவர்கள், இரத்தக்குழாய் அடைபட்டு இறந்தவர்களைவிடப் பத்து மடங்குக்கும் மேல் இருந்தார்கள். மேலை நாட்டு ஆய்வாளர்கள் இதை நம்பவில்லை. ஜப்பானிய மருத்துவர்கள் நோயைத் தவறாகப் பெயரிடுகிறார்கள் என்று ஐயப்பட்டார்கள். தலைக்குள் என்ன நடக்கிறது என்பதைப் படம்பிடித்துக் காட்டும் ஸ்கேன் இல்லாத காலம் அது. ஐயத்தைத் தீர்க்க ஒரே வழி, இறந்தவரின் மூளையைப் பார்ப்பதுதான்.

கியூஷு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கட்சுகி ஷிபனொசுகே என்ற பேராசிரியரின் குழு, ஃபுகுவோக்கா நகரை ஒட்டிய ஹிசயாமா என்ற சிற்றூரைத் தேர்ந்தெடுத்து 1961இல் வேலையைத் தொடங்கியது. அந்த ஊர் மக்களின் வயது விகிதமும் தொழில் விகிதமும் நாட்டின் சராசரியோடு பொருந்தி வந்தன. அதனால் அங்கே காண்பது நாட்டுக்கும் பொருந்தும் என்று எதிர்பார்க்க முடிந்தது. நாற்பது வயதைத் தாண்டிய, பக்கவாதம் வராத 1,618 பேர் முதல் தொகுதியில் சேர்க்கப்பட்டார்கள். ஊரில் ஒருவர் இறந்தால், மருத்துவர்கள் துக்க வீட்டுக்கே சென்று உடற்கூறாய்வுக்குச் சம்மதம் கேட்டார்கள். ஒரு கிராமத்துக் குடும்பத்திடம், அழுகை ஓயாத வேளையில், இறந்தவரின் தலையைத் திறந்து பார்க்க அனுமதி கேட்பது எவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்படியிருந்தும் அந்த ஊரில் இறந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு உடற்கூறாய்வு நடந்தது. உலகில் வேறெந்த மக்கள்தொகை ஆய்விலும் காணக் கிடைக்காத விகிதம் இது. ஊரைவிட்டுப் போனவர்களையும் விடாமல் தொடர்ந்ததால், கண்காணிப்பிலிருந்து நழுவியவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை. ஹிசயாமா மக்கள் கொடுத்த இந்தச் சம்மதத்தை நான் மருத்துவ வரலாற்றின் பெரிய கொடைகளில் ஒன்றாக மதிக்கிறேன்.

வந்த விடை இரு தரப்பையும் ஓரளவு திருத்தியது. சான்றிதழ்கள் சொன்ன அளவுக்குக் கசிவு இல்லை. கசிவால் நேர்ந்த மரணமும் அடைப்பால் நேர்ந்த மரணமும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. ஆயினும் மேலை நாடுகளோடு ஒப்பிடும்போது கசிவின் பங்கு அதிகம்தான். இன்னொன்றும் தெரிந்தது: அடைப்புகளிலும் பெரும்பகுதி, கழுத்திலிருந்து ஏறும் பெருந்தமனிகளில் நிகழவில்லை. மூளையின் ஆழத்துக்குள் ஊடுருவிச் செல்லும் நுண்ணிய தமனிகளிலேயே நிகழ்ந்திருந்தது.

அந்தத் தமனிகளைக் கொஞ்சம் அருகில் பார்க்க வேண்டும். மூளையின் நடுத்தமனி தடித்த குழாய். இதயம் அடித்து அனுப்பும் அழுத்தம் பெரிதும் குறையாமல் அதில் வந்து சேரும். அதிலிருந்து மயிரிழை போன்ற கிளைகள், படிப்படியாக மெலிந்து பிரியாமல், நேரடியாகச் செங்குத்தாகக் கிளம்பி, உடல் அசைவைக் கட்டுப்படுத்தும் ஆழ்பகுதிக்குள் நுழைகின்றன. பெரிய குடிநீர்க் குழாயில் மெல்லிய நெகிழிக் குழாயை நேராகச் செருகியதுபோல. பல ஆண்டுகள் உயர் அழுத்தத்தைத் தாங்கிய அந்த மெல்லிய சுவர் தன் தசையை இழந்து, கண்ணாடிபோல் விறைத்துப்போகிறது. பிறகு இரண்டில் ஒன்று நடக்கும். சுவர் தடித்து உள்வழி அடைபட்டால், மிளகு அளவுக்கு ஒரு சிறு குழி விழும். சுவர் வெடித்தால், இரத்தம் மூளைத் திசுவைக் கிழித்துக்கொண்டு பரவும். ஒரே நோயுற்ற சுவருக்கு இரண்டு முடிவுகள். அந்தச் சுவரைப் பழுதாக்குவதில் கொழுப்பைவிட அழுத்தத்தின் பங்கு மிகப் பெரியது.

அகிதாவின் குளிர்காலத் தட்டு

அப்படியானால் அழுத்தம் ஏன் அவ்வளவு உயர்ந்தது? விடை வடகிழக்கில் இருந்தது. அகிதா, அவோமொரி பகுதிகளில் பக்கவாத மரணம் நாட்டிலேயே மிக அதிகம். அதுவும் ஐம்பது வயதை எட்டாத உழவர்களையும் கொண்டுபோனது. அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் டால் 1960இல் வெளியிட்ட ஒப்பீட்டில், வட ஜப்பானில் ஒருவர் நாளொன்றுக்கு உண்ட உப்பு சுமார் 27 கிராம். தென்பகுதியில் சுமார் 14 கிராம். உயர் இரத்த அழுத்தமும் அதே வரிசையில் ஏறி நின்றது. ஹிரொசாகி பல்கலைக்கழகத்தின் சசாகி நவோசுகே, ஆப்பிள் தோட்டங்கள் நிறைந்த அவோமொரி ஊர்களில் அழுத்தம் ஒப்பளவில் குறைவாக இருப்பதைக் கவனித்து, பழத்தில் உள்ள பொட்டாசியத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று வாதிட்டார்.

27 கிராம் உப்பு எப்படி ஒரு வயிற்றுக்குள் போக முடியும் என்று வியப்பு எழலாம். பனி மாதக்கணக்கில் மூடும் நாடு அது, காய்கறி விளையாது. இலையுதிர்காலத்திலேயே முள்ளங்கியையும் முட்டைக்கோஸையும் பீப்பாயில் உப்பிட்டு அழுத்தி வைப்பார்கள்; அகிதாவில் முள்ளங்கியை அடுப்புப் புகையில் காயவைத்து ஊறப்போடும் வழக்கமும் உண்டு. மீனும் உப்பில் ஊறியதே. பெருமளவு வெள்ளைச் சோற்றை இறக்க உப்பும் காரசாரமும் வேண்டும். எனவே ஊறுகாய், உப்புமீன், அதன்மேல் சோயா சாறு, மூன்று வேளையும் மிசோ சூப். ஒரு சிறு கிண்ண மிசோ சூப்பிலேயே ஒரு கிராமுக்கு மேல் உப்பு இருக்கும். பழஞ்சோற்றுக்கு ஊறுகாய் தொட்டுக்கொண்டு வளர்ந்த நமக்கு இந்தத் தட்டின் தர்க்கம் உடனே புரியும்: இல்லாமையை உப்பு மறைத்தது.

இதே தட்டில் இன்னொரு குறையும் இருந்தது. இறைச்சியும் பாலும் முட்டையும் அரிது. இரத்தத்தில் கொழுப்பு (கொலஸ்ட்ரால்) மிகக் குறைவு. இதனால் மாரடைப்பு அரிதாகவே வந்தது. ஆனால் கொழுப்பு மிகக் குறைந்தவர்களிடம் மூளைக் கசிவு அதிகம் என்பதை ஒசாகாவைச் சேர்ந்த மருத்துவர் கொமாச்சி யோஷியோவின் குழு அகிதாவில் கண்டது. இதை அப்போது பலரும் ஏற்கத் தயங்கினார்கள். 1989இல் அமெரிக்காவில் மூன்றரை லட்சம் ஆண்களைத் தொடர்ந்த ஆய்வொன்று, கொழுப்பு டெசிலிட்டருக்கு 160 மில்லிகிராமுக்குக் கீழும் இரத்த அழுத்தம் உயர்ந்தும் இருந்தவர்களிடம் மூளைக் கசிவு மரணம் கூடுவதை உறுதிசெய்தது. கொழுப்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்ற எளிய சூத்திரத்தை மூளைக்கு அப்படியே நீட்ட முடியாது என்பதற்கு அகிதாவின் உழவர்கள் முன்னோடிச் சான்று.

இது இனத்தோடு பிறந்த விதி அல்ல என்பதையும் உடனே சொல்ல வேண்டும். ஹிரோஷிமா, நாகசாகி, ஹவாய், கலிஃபோர்னியா ஆகிய இடங்களில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளி ஆண்களை 1960களின் நடுவிலிருந்து ஒப்பிட்ட ஆய்வில், கிழக்கே போகப்போக இதயத் தமனி நோய் ஏறியது. பக்கவாதமோ தாய்நாட்டில் தங்கியவர்களிடமே அதிகமாக இருந்தது. ஒரே குருதி, வேறு தட்டு.

இகாவா ஊரில் நடந்தது

கொமாச்சியின் ஒசாகா குழு 1963இல் அகிதாவின் இகாவா என்ற ஊரில் நுழைந்தது. ஹிசயாமா குழு நோயைக் கவனித்தது. இகாவா குழுவோ அதைத் தடுக்கவே வந்தது. ஊர் முழுக்க இரத்த அழுத்தம் அளப்பது, உயர்ந்தவர்களை மருத்துவரிடம் அனுப்பி மருந்து தொடங்குவது, அவர்கள் மருந்தை விட்டுவிடாமல் பொது சுகாதாரச் செவிலியர்கள் வீடு தேடிச் சென்று பார்ப்பது, ஊர்த் தன்னார்வலர்கள் உப்பு குறைந்த சமையலைச் செய்து காட்டுவது என்று வேலை நடந்தது. 1961இல் நாடு முழுமைக்கும் மருத்துவக் காப்பீடு வந்துவிட்டதால் மருந்தின் விலை பெரும் தடையாக இல்லை. அந்த ஆண்டை இந்த வரலாற்றில் குறைத்து மதிப்பிடக் கூடாது.

முழு முயற்சி நடந்த ஊரையும், குறைந்த அளவே முயற்சி நடந்த ஊர்களையும் 1987 வரை ஒப்பிட்டபோது, எல்லா இடத்திலும் பக்கவாதம் குறைந்திருந்தது. ஆண்களைப் பொறுத்தவரை முழு முயற்சி நடந்த ஊரில் அது தெளிவாகக் கூடுதலாகக் குறைந்திருந்தது. குளிர்சாதனப் பெட்டி வந்து உப்பிட்டுப் பாதுகாக்கும் தேவை குறைந்ததும், உணவில் புரதம் கூடியதும், வீடுகள் வெதுவெதுப்பானதும் எல்லா ஊர்களுக்கும் பொது. அவற்றைத் தாண்டி, செவிலியரின் நடைக்கும் அழுத்தக் கருவிக்கும் தனிப் பலன் உண்டு என்பதே அந்த ஒப்பீட்டின் பொருள். 1982இல் இயற்றப்பட்ட முதியோர் சுகாதாரச் சட்டத்தின் வழியாக, நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இத்தகைய பரிசோதனை நாடெங்கும் பரவியது.

இவாத்தே மாநிலத்தின் ஒஹாசமா ஊர் இதற்கு இன்னொரு படி சேர்த்தது. 1980களின் பிற்பகுதியில் இமாய் யுதகாவின் குழு, அளக்கும் கருவியை மக்கள் கையிலேயே கொடுத்தது. மருத்துவமனையில் வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஏறும் அளவைவிட, வீட்டில் அமைதியாக எடுத்த அளவே பக்கவாதத்தைச் சரியாக முன்னறிவித்தது. வீட்டளவில் 135/85க்கு மேல் போனால் உயர் அழுத்தம் என்ற, இன்று உலகம் ஏற்ற எல்லைக்கு இந்த ஊரின் தரவு முக்கிய அடித்தளம். ஜப்பானிய வழிகாட்டுதல் சொல்லும் முறை எளியது: காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்குள், சிறுநீர் கழித்தபின், உணவுக்கும் மருந்துக்கும் முன், ஓரிரு நிமிடம் அமர்ந்து இளைப்பாறிய பிறகு அளக்க வேண்டும், இரவில் படுக்கப்போகும் முன் மறுபடி அளக்க வேண்டும். காலை அழுத்தம் மட்டும் ஏறி நிற்பவர்களை இந்தப் பழக்கமே காட்டிக்கொடுக்கிறது. மருந்து இருபத்துநான்கு மணி நேரம் தாங்கவில்லை என்பதன் அடையாளம் பெரும்பாலும் அதுதான்.

கசிவை அஞ்சிய மருந்தளவு

எளிதில் கசியும் மூளை என்ற அறிவு சிகிச்சையையும் வடிவமைத்தது. அடைபட்ட குழாயில் உறைந்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஆல்டெப்லேஸ் என்ற மருந்து, மேலை நாடுகளில் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.9 மில்லிகிராம் வீதம் கொடுக்கப்படுகிறது. ஜப்பானில் அது 0.6 மில்லிகிராம். 103 நோயாளிகளிடம் இந்தக் குறைந்த அளவைக் கொடுத்துப் பார்த்தபோது, மூன்று மாதம் கழித்து ஏறத்தாழக் குறையின்றித் தேறியவர்கள் 36.9 சதவீதம், நிலைமையை மோசமாக்கிய கசிவு 5.8 சதவீதம். வெளிநாட்டில் முழு அளவுக்குக் கிடைத்த பலனுக்கு இது ஈடாக இருந்ததால், 2005 அக்டோபரில் அங்கீகாரம் கிடைத்தது. நோய் தொடங்கி மூன்று மணி நேரம் என்றிருந்த வரம்பு 2012இல் நான்கரை மணி நேரமாக நீண்டது.

இந்த முடிவில் ஒரு பலவீனம் உண்டு. அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க 0.9 அளவு பெற்ற ஜப்பானியக் குழு இல்லை. பல நாடுகளில் 3,300 பேரிடம் இரு அளவுகளையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு 2016இல் வெளியானபோது, ஊனமின்றித் தேறுவதில் குறைந்த அளவு பின்தங்கவில்லை என்று நிறுவ முடியவில்லை. ஆனால் கடுமையான கசிவு 2.1 சதவீதத்திலிருந்து 1.0 சதவீதமாகக் குறைந்தது. அந்த ஆய்வில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் ஆசியர்கள். ஜப்பான் 0.6 அளவையே தொடர்கிறது. இந்த நிலைப்பாட்டை நான் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது முடிந்துபோன கேள்வி என்றும் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது பக்கவாதத்தைத் தடுப்பதில் சான்று இன்னும் உறுதியானது. 2,757 ஜப்பானிய நோயாளிகளிடம், அடைப்பைத் தடுக்கும் மருந்துகளான ஆஸ்பிரினையும் சிலோஸ்டசாலையும் ஒப்பிட்டு 2010இல் வெளியான ஆய்வில், மீண்டும் பக்கவாதம் வந்தவர்கள் முறையே ஆண்டுக்கு 3.71 சதவீதம், 2.76 சதவீதம் என்று அமைந்தார்கள். இரத்தக்கசிவு நிகழ்வுகளோ சிலோஸ்டசால் எடுத்தவர்களிடம் பாதிக்கும் குறைவு. தலைவலி, படபடப்பு, வயிற்றுப்போக்கு ஆகியவை அதிகம் என்பதால் மருந்தை நிறுத்தியவர்களும் இருந்தார்கள். கசியும் இயல்புள்ள நுண்தமனிகளைக் கொண்ட மக்களுக்கு, அடைப்பையும் தடுத்துக் கசிவையும் கூட்டாத மருந்து எவ்வளவு பெரிய விஷயம் என்பது இங்கேதான் விளங்குகிறது. நோய் வருமுன்னரே ஆஸ்பிரின் விழுங்கலாமா என்ற கேள்விக்கும் அங்கே பதில் கிடைத்தது: 60 முதல் 85 வயது வரையுள்ள, உயர் அழுத்தமோ நீரிழிவோ உயர் கொழுப்போ கொண்ட 14,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வு, பொருட்படுத்தத்தக்க பலன் இல்லை என்று பாதியிலேயே நிறுத்தப்பட்டது. மூளைக்கு வெளியே நேரும் பெரிய கசிவுகள் மட்டும் கூடியிருந்தன.

இதயத்தின் மேலறை ஒழுங்கின்றித் துடிப்பதால் இரத்தக் கட்டி உருவாகி மூளைக்கு ஏறும் வகைப் பக்கவாதத்துக்கும் அதே எச்சரிக்கை காட்டப்பட்டது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுக்கும் எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு, இரத்தம் உறையும் அளவுகோலை (INR) உலக வழக்கமான 2 முதல் 3 வரை வைக்காமல், 1.6 முதல் 2.6 வரை வைத்தார்கள். அதே வேலையைச் செய்யும் ரிவரோக்சபனை 20 மில்லிகிராமுக்குப் பதிலாக 15 மில்லிகிராம் அளவில் தனியே சோதித்தார்கள்.

ஆனால் குறைந்த அளவே ஜப்பானியருக்குப் போதும் என்ற எண்ணம் எல்லா உறுப்புக்கும் பொருந்தாது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மருந்துகளின் மூலத்தை, எண்டோ அகிரா 1973இல் பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்தது ஜப்பானில்தான். பிரவாஸ்டாட்டினைச் சிறிய அளவில் கொடுத்து 7,832 பேரிடம் நடத்திய ஆய்வு 2006இல் வெளியாகி, இதயத் தமனி நோய் 33 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. சிறிய அளவு போதும் என்று மருத்துவர்கள் நிறைவடைந்திருந்த வேளையில், ஏற்கெனவே இதயத் தமனி நோய் உள்ள பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பிட்டாவாஸ்டாட்டின் 1 மில்லிகிராமையும் 4 மில்லிகிராமையும் ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வந்தது. கூடுதல் அளவே மேல் என்றது அது. மூளையின் நுண்தமனியில் கற்ற பாடத்தை இதயத் தமனிக்கு அப்படியே கொண்டுபோனது ஒரு பிழை. அதைத் திருத்தியதும் அவர்களுடைய சொந்த ஆய்வுதான்.

மாறிய நோய்

ஹிசயாமாவில் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுத் தொகுதிகள் சேர்க்கப்பட்டதால், நோய் உருமாறுவது கண்ணெதிரே தெரிந்தது. முதல் தொகுதிக்கும் 1974இல் சேர்ந்த தொகுதிக்கும் இடையே பக்கவாதம் வேகமாகக் குறைந்தது; பிறகு அந்தச் சரிவு மந்தமானது. அழுத்தத்தோடு நேரடித் தொடர்புள்ள கசிவும் நுண்தமனி அடைப்பும் குறைந்தன. பெருந்தமனி அடைப்பும், இதயத்திலிருந்து கட்டி ஏறும் அடைப்பும் அந்த அளவுக்குக் குறையவில்லை. புகைபிடிக்கும் ஆண்கள் 1966இல் நூற்றுக்கு 83 பேருக்கும் மேல் இருந்த நாட்டில் அந்தப் பழக்கம் பெருமளவு விட்டது உண்மை. மறுபக்கம் நீரிழிவும் உடற்பருமனும் உயர் கொழுப்பும் தலைமுறைக்குத் தலைமுறை ஏறின. 2008 ஏப்ரலில் தொடங்கிய, 40 முதல் 74 வயது வரையுள்ளவர்களுக்கான இடுப்புச் சுற்றளவுப் பரிசோதனை இந்த மாற்றத்துக்கான பதில். ஆண்களுக்கு 85 செ.மீ., பெண்களுக்கு 90 செ.மீ. எல்லை.

மரபின் பங்கும் ஒரு பகுதி உண்டு. மூளையின் அடித்தளத் தமனிகள் சுருங்கி, மாற்றுக் குழாய்கள் புகைபோலப் படர்ந்து தெரியும் மொயாமொயா நோய்க்கு அந்தப் பெயரை 1969இல் சூட்டியவர்கள் ஜப்பானியர்கள். அதோடு தொடர்புள்ள மரபணு 2011இல் கண்டறியப்பட்டது. அதன் ஒரு குறிப்பிட்ட மாறுபாட்டை ஜப்பானியரில் நூற்றில் ஓரிருவர் சுமக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு மொயாமொயா வருவதில்லை. ஆனால் தலைக்குள் இருக்கும் தமனி குறுகிப் பக்கவாதம் வரும் வாய்ப்பு கூடுகிறது.

உயிர் பிழைத்தவர்களின் கதை மரண எண்ணிக்கையில் வராது. 2000ஆம் ஆண்டில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு தொடங்கியபின், பிறர் உதவியின்றி வாழ முடியாமல் போனதற்கு முதற்காரணமாகப் பக்கவாதமே பல ஆண்டுகள் நின்றது. 2016 வாக்கில்தான் மறதிநோய் அதை முந்தியது. மீட்சிக்கால மறுவாழ்வு வார்டுகளில் பக்கவாத நோயாளி 150 நாள்வரை, நினைவு, கவனம் போன்ற மூளையின் உயர்செயல்களும் பாதிக்கப்பட்டிருந்தால் 180 நாள்வரை தங்கிப் பயிற்சி பெறலாம். இதைப் படிக்கும் எந்த நாட்டு மருத்துவருக்கும் ஏக்கம் வரும். பக்கவாதத்துக்கும் இதயநோய்க்கும் சேர்த்து ஓர் அடிப்படைச் சட்டம் 2018 டிசம்பரில் நிறைவேறி ஓராண்டில் நடைமுறைக்கு வந்தது. இரவுபகலாகக் கட்டி கரைக்கும் சிகிச்சை தரும் மையங்களைத் தகுதி பார்த்து அறிவிக்கும் ஏற்பாடும் அதே காலத்தில் பிறந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் 2019 தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் சராசரி உப்பு 10.1 கிராம். அதன் பெரும்பகுதி சோயா சாறு, மிசோ போன்ற சுவையூட்டிகளிலிருந்தே வருகிறது. அதே ஆண்டின் உயர் அழுத்த வழிகாட்டுதல் நாட்டில் 4.3 கோடிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டென்று மதிப்பிட்டது. அவர்களில் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் சுமார் 1.2 கோடிப் பேர். மருந்து எடுத்தும் இலக்கை எட்டாதவர்கள் சுமார் 1.25 கோடிப் பேர். தெரிந்தும் சிகிச்சை பெறாதவர்கள் சுமார் 45 லட்சம் பேர். தமக்கு அழுத்தம் இருப்பதே தெரியாதவர்கள் சுமார் 1.4 கோடிப் பேர். வீடுகளில் அழுத்தம் அளக்கும் கருவிகளோ ஏறத்தாழ 4 கோடி இருப்பதாகக் கணிக்கிறார்கள். இகாவா ஊரில் 1963இல் செவிலியர் பனியில் நடந்து கொண்டுபோக வேண்டியிருந்த அதே கருவி இன்று அலமாரியில் கிடக்கிறது. ஆனால் கைப்பட்டையைச் சுற்றிக்கொள்ளாத அந்த 1.4 கோடிப் பேரின் வாசலுக்கு யார் போவது என்பது இன்னும் முடிவாகவில்லை.